எழுந்து நிற்க ஒன்பது நொடி

நெமோதோ கயோ புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்த ஆள் உட்கார்ந்திருந்தால், எழுந்திருக்கும்வரை காத்திருப்பாள். பேருந்தில், பல் மருத்துவர் வீட்டு வாசலில், கடைத்தெரு பெஞ்சில், எங்கும் இதே வேலைதான். சிலர் கைகளை முட்டியில் ஊன்றி எழுவார்கள், சிலர் முதலில் பையைத் தேடுவார்கள், சிலர் எழுந்த பிறகுதான் எழுந்ததையே உணர்வார்கள்.

"கயோக்காவ மாப்பிள்ள பாக்க அனுப்பாதீங்க. பையன் கறுப்பா சிவப்பான்னு கேட்டா தெரியாதும்பாங்க. நாற்காலிலேர்ந்து எப்படி எழுந்தான்னு மட்டும் ஒரு மணி நேரம் சொல்லுவாங்க" என்று ஸ்டூடியோவில் கேலி செய்வார்கள்.

"சரியா எழுந்திருக்கிற ஆம்பள ஒருத்தன்கூட வரலையேடா, நான் என்ன பண்ண?" என்பாள் அவள்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஊர் நீகாத்தா பக்கம் சுபாமே. அங்கே வீட்டுக்கு வீடு கரண்டி மெருகேற்றும் பட்டறைதான். பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு டோக்கியோவுக்கு வந்து, அசகாயாவில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவின் படியேறினாள். அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. 'மூணாவது மாடி' என்பார்கள். ஓவியப் பள்ளிக்கெல்லாம் அவள் போனதில்லை. குப்பைக்கூடையில் கிடந்த கழித்த படங்களை எடுத்து, விளக்குப் பலகையில் வைத்து, கோட்டின் மேல் கோடு போட்டே கற்றுக்கொண்டாள்.

வேலை இதுதான். ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், பிறகு எழுந்து நிற்கிறான் என்றால், அந்த அசைவின் முக்கியமான நான்கைந்து நிலைகளை முதன்மை ஓவியர் வரைந்துவிடுவார். அவற்றுக்கு நடுவே வரவேண்டிய படங்களை இடைத்தாள்காரர்கள் வரைவார்கள். கயோ பதின்மூன்று வருடம் இடைத்தாள் வரைந்தாள். பிறகு பதினான்கு வருடமாக, மற்றவர்கள் வரைந்த இடைத்தாள்களைச் சரிபார்க்கிறாள். ஐந்து தாள்களை இடக்கை விரல்களுக்கு நடுவே செருகிக்கொண்டு படபடவென்று புரட்டினால், உருவம் அசையும். எங்கே ஒரு காது அரை மயிரிழை விலகினாலும் அவள் விரல் நின்றுவிடும். அவள் மேசையைத் தாண்டி ஒரு தப்பு போனதாக அந்த மாடியில் கதையே கிடையாது.

அந்த வருடக் கோடைக்கு முன்பு வரை.

அந்த வருடம் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு காதல் படம். தெப்பெய் என்று பதினேழு வயதுப் பையன், சுமோ பயிற்சிக் கூடத்தில் கடைநிலைச் சீடன், நூற்று முப்பது கிலோ. நகிசா என்று அதே வயதுப் பெண், ஒனொமிச்சியில் பொதுக் குளியலறை நடத்துபவரின் மகள், ஊதினால் பறந்துவிடுவாள். ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. ஒரு நாள் காலையில் கண் விழித்தால், அவன் அவள் உடம்பில், இவள் அவன் உடம்பில்! ஏன், எப்படி என்று யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் இப்படி மாறி மாறிப் போகிறது. கடிதத்திலேயே சண்டை, கடிதத்திலேயே சமாதானம், கடிதத்திலேயே அது வேறொன்றாக ஆகிறது. கடைசியில், மாறிய உடம்போடேயே, ஒனொமிச்சிப் படகுத்துறையின் காத்திருப்பு அறையில் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். எதிரெதிர் பெஞ்சு. தன் உடம்பே தன் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. படகு ஊதுகிறது. இருவரும் எழுகிறார்கள்.

அந்த எழுச்சிக்கு ஒன்பது நொடி. வசனம் இல்லை.

இயக்குநர் ஹதானோவுக்கு அந்த ஒன்பது நொடிதான் முழுப்படமும். ஐம்பத்தெட்டு வயதில், கழுத்தில் துண்டோடு, குழந்தை மாதிரி குதிக்கிற மனிதர் அவர். "எதையும் சொல்லக் கூடாது. நகிசா உடம்பு எழுந்திருக்கும்போதே, அட, இவன் தெப்பெய்னு பாக்கறவன் நெஞ்சுல அடிக்கணும். கோமாளித்தனமும் வேண்டாம், இல்லாத பாவாடைய நீவி விடறதும் வேண்டாம். எழுந்திருக்கணும். அவ்வளவுதான்."

முதன்மை ஓவியர் சுகேகாவா மூன்று முறை வரைந்து கொடுத்தான். முப்பத்து நான்கு வயது, கை தங்கம், வாய் தகரம். மூன்று முறையும் வந்தது ஒரே விளைவு. "நல்லாதான் இருக்கு. ஒரு குண்டுப் பையன் எழுந்திருக்கான், ஒரு ஒல்லிப் பொண்ணு எழுந்திருக்கா. மாறினவங்க எங்கப்பா?" என்றார் ஹதானோ.

தயாரிப்பாளர் உவோஸுமி அம்மாள் பொறுத்தது போதும் என்று ஒரு முடிவு செய்தாள். குரல் பதிவு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு வந்து பார்ப்பாள். அந்த இடம் புரியவில்லை என்றால், 'அதோ என் உடம்பு! அவன் உள்ளே இருக்கிறான்!' என்று நகிசாவின் மனக்குரல் சேர்க்கப்படும். வசனத் தாள்கூடத் தயார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது.

முதன்மைப் படத்தின் ஓரத்தில் ஓவியர் ஓர் ஏணி போடுவார். நெடுக ஒரு கோடு, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோடும் ஓர் இடைத்தாள். நெருக்கமாக இருந்தால் அசைவு மெதுவாகும், தள்ளித் தள்ளி இருந்தால் வேகமாகும். கனம், தயக்கம், துள்ளல் எல்லாமே அந்த ஏணியில்தான் இருக்கிறது. நான்காம் முறை சுகேகாவா படங்களைத் தொடாமல், புது ஏணிகளை மட்டும் மஞ்சள் துண்டுத்தாள்களில் போட்டுக் கொடுத்தான். தெப்பெய்க்கு ஐந்து துண்டு, நகிசாவுக்கு ஐந்து துண்டு. இரண்டிலும் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். கயோ அவற்றைப் படங்களின் ஓரத்தில் ஒட்டி, உறையில் போட்டு, இடைத்தாள் பெண்களிடம் கொடுத்தாள். அவன் ஏணியை இவளுக்கும், இவள் ஏணியை அவனுக்கும் ஒட்டிக் கொடுத்தாள்!

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, பென்சில் கோடுகளை அப்படியே திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நூற்று முப்பது கிலோப் பையன் பஞ்சுமிட்டாய் மாதிரி பெஞ்சிலிருந்து கிளம்பினான். ஊதினால் பறக்கிற பெண், வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற மாதிரி எழுந்தாள். அறையே வெடித்துச் சிரித்தது. இடைத்தாள் பெண் ஒருத்தி மேசையில் தலையை வைத்து அழுதுகொண்டே சிரித்தாள். சுகேகாவா மட்டும் சிரிக்கவில்லை.

"யார் பண்ணது இது?"

"நான்தான்" என்றாள் கயோ. காது மடல் வரை சிவந்திருந்தது. "துண்டு மாறிப்போச்சு. என் கைதான் ஒட்டிச்சு."

சிரிப்பு பட்டென்று நின்றது. கயோக்காவா! ஹதானோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறுதலா, சிரிப்பா, தெரியவில்லை.

ஆனால் கயோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். போட்டார்கள். "இன்னொரு தடவ." நகிசாவின் எழுச்சி முழுக்க அபத்தம்தான். ஆனால் கடைசியில், நின்று முடிக்கிற அந்த நான்கைந்து தாளில் மட்டும், ஏதோ ஒன்று இருந்தது. அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். எங்கே?

ஆறு மணிக்குச் சைக்கிளை எடுக்கக் கீழே இறங்கினாள். சலவைக்கடையில் கடைக்காரர் கொகுரே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்குச் சீட்டு குத்திக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், மூங்கில் கழி மாதிரி உடம்பு. வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்தார். கொகுரே எழுந்தார்.

கயோ சைக்கிளைக் கீழே போட்டாள்.

"அண்ணே! உக்காருங்க!"

"ஏம்மா, என்னாச்சு?"

"உக்காருங்கண்ணே. உக்காந்துட்டு எழுந்திருங்க."

அவர் உட்கார்ந்தார், எழுந்தார். வாடிக்கையாளர் தன் கோட்டைத் தானே தேடி எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ."

"அடப் போம்மா! பயிற்சிக் கூடத்துல எங்க வாத்தியார்கூட என்னை இத்தனை தடவ எந்திரிக்க வச்சதில்ல!"

கூடம்! கொகுரே பதினைந்து வயதிலிருந்து இருபத்தொன்று வரை சுமோக் கூடத்தில் இருந்தவர். முழங்கால் போனதும் விட்டுவிட்டார், உடம்பும் இறங்கிவிட்டது. அது நடந்து நாற்பது வருடம். கயோ அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, மறுபடியும் எழச் சொன்னாள். சட்டென்று கிளம்புகிறார், ஒல்லி உடம்புக்கு அது சுலபம். ஆனால் நின்ற பிறகு இடுப்பைக் கொஞ்சம் தாழ்த்தி, பாதத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கணம், அரைக் கணம், எதற்கோ காத்திருக்கிறார்.

"எதுக்குண்ணே அங்க நிக்கிறீங்க?"

"எங்க?"

"எழுந்ததும் ஒரு நொடி நிக்கிறீங்களே, அங்க."

கொகுரே யோசித்தார். "வயிறு வந்து சேரணும்ல? உடம்பு நின்னுடும், வயிறு பின்னாலதான் வரும். அது வந்து உக்கார்ற வரைக்கும் பொறுக்கணும். இல்லன்னா முன்னாடி கவுத்துடும்."

"அண்ணே, உங்களுக்கு வயிறே இல்லையே!"

கொகுரே குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "அட ஆமா!" என்றார். "நாப்பது வருஷமா இல்லாததுக்கா நின்னுக்கிட்டிருக்கேன்?"

கயோ ஏற்கெனவே மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தாள்.

சுகேகாவா பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். அவள் வாசலை மறித்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"கிளம்பறது உடம்பு. நிக்கிறது ஆளு!" என்றாள்.

"என்னக்கா?"

"எழுந்திருக்க ஆரம்பிக்கும்போது உடம்பு சொல்றதுதான் நடக்கும். கனமான உடம்பு கனமாத்தான் கிளம்பும், உள்ள யார் இருந்தா என்ன? நீ போட்டது அதுவரைக்கும் சரி. ஆனா எங்க, எப்படி நிக்கறதுங்கறது பழக்கம். அது ஆளோட கூடப் போகும். நகிசா உடம்பு சட்டுனு கிளம்பட்டும். ஆனா உள்ள தெப்பெய். நின்னதும் இல்லாத வயித்துக்காகக் காத்திருப்பான்! அவன் உடம்புக்குள்ள அவ. மெதுவாக் கிளம்பி, குருவி மாதிரி டக்குனு நிப்பா. காத்திருக்கணும்னு அவளுக்குத் தோணாது. வயித்து மேல கிடக்கற அங்கியோட விளிம்பு மட்டும் முன்னாடி போயிட்டுத் திரும்பி வரும்."

சுகேகாவா பையைக் கீழே வைக்கவில்லை. "சரி, அதுக்கு?"

"ஏணிய மாத்தணும். உன் படத்த ஒண்ணும் தொட மாட்டேன். ஏணி மட்டும்."

அங்கே வரைந்துகொண்டிருந்த இடைத்தாள் பெண்கள் பென்சிலைக் கீழே வைத்தார்கள். முதன்மை ஓவியரின் ஏணியை இடைத்தாள் பக்கத்து ஆள் தொடுவது, வந்த விருந்தாளி மாமியார் சமையலில் உப்பு போடுவது மாதிரி. அந்த மாடியில் அது நடந்ததே கிடையாது.

"ஏணிய மீறி வரையறவன் விரல ஒடிக்கணும். இத யார் சொன்னது கயோக்கா?" என்றான் சுகேகாவா.

"நான்தான் சொன்னேன். பதினாலு வருஷமா சொல்றேன்."

"அப்புறம்?"

"அதனாலதான் திருட்டுத்தனமா வரையாம, உன் முன்னாடி வந்து நிக்கறேன். இன்னைக்கே ஒரு தப்பு பண்ணவ. எனக்குக் கேக்க மூஞ்சி இல்லதான். இருந்தும் கேக்கறேன். நாளைக்கு மத்தியானம் அந்த அம்மா வந்து, 'அதோ என் உடம்பு'ன்னு கத்த வெச்சிட்டுப் போயிடுவாங்க. அதவிட என் விரல் போகட்டும்."

அவன் பையைக் கீழே வைத்தான். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திரையில ஓட்டிப் பாப்போம். எனக்கே புரியலன்னா, பழைய ஏணிதான் போகும். மத்தியானம் அவங்க பாக்கறது என் ஏணிதான்."

"பத்து மணி" என்றாள் கயோ. சின்ன வயதில் திருவிழா வாணவேடிக்கைக்கு முன் வருமே, அந்தப் பரபரப்பு அவள் குரலில்.

காலை ஐந்தரைக்கு அவள் மேசையில் இருந்தாள். பார்லித் தண்ணீர்க் குடுவை, இரண்டு சோற்றுருண்டை, புதிதாகச் சீவிய ஒன்பது பென்சில். முதலில் ஏணி. நகிசாவுக்கு மேலே, கிளம்பும் இடத்தில், அகலமாக; கீழே, நிற்கும் இடத்தில், மயிர் நுழையாத நெருக்கமாக. தெப்பெய்க்குத் தலைகீழ். போட்டாள், அழித்தாள், போட்டாள். தானே நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து பார்த்தாள். ஆறு மணிக்கு இடைத்தாள் பெண்கள் இருவரும் வந்தார்கள். "அக்கா தனியா குதிக்கறாங்கடி" என்று கிசுகிசுத்தார்கள்.

"குதிக்கல. வாங்க, நீங்களும் எழுந்து காட்டுங்க! நீ தெப்பெய். வயித்துல அந்தக் குஷனக் கட்டிக்கோ."

முப்பத்து நான்கு தாள், மூன்று பேர். ஜன்னலுக்கு வெளியே சில்வண்டுகள் கத்தத் தொடங்கின. பென்சில் சத்தம், தாள் புரட்டும் சத்தம், இடையிடையே கயோவின் "இல்ல, இன்னும் நெருக்கம். நெருக்கம்னா நெருக்கம்!" மட்டும். எட்டரைக்கு அவள் முதல் ஐந்து தாளை விரல் இடுக்கில் செருகிப் புரட்டினாள். அசைந்தது. சரியா, தவறா? இத்தனை நேரம் பார்த்த கண்ணுக்குத் தெரியவில்லை.

தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே ஓடினாள். கொகுரே கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு முன்னால் நகிசாவைப் புரட்டினாள். ஒல்லிப் பெண், பள்ளிச் சீருடை, பெஞ்சிலிருந்து எழுகிறாள். வேறெதுவும் சொல்லவில்லை.

கொகுரே ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறை புரட்டச் சொன்னார். கண்ணைச் சுருக்கினார்.

"இந்தப் பொண்ணு எந்தக் கூடத்துல இருந்துச்சு?"

கயோவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியே விட்டாள். எதிர்க் கடைத் தேநீர்க்காரர் எட்டிப் பார்த்தார்.

பத்து மணிக்கு ஓட்டினார்கள். ஹதானோ நாற்காலியின் விளிம்பில் இருந்தார். தெப்பெயின் பெரிய உடம்பு, பாறையைப் புரட்டுவது போல மெல்லப் பெஞ்சைவிட்டுக் கிளம்பியது. மேலே வந்து டக்கென்று நின்றது. அங்கி விளிம்பு முன்னால் போய்த் திரும்பியது. அதைத் தாண்டி, எதிரில் நகிசா துள்ளி எழுந்தாள். எழுந்தவள் நின்றாள். இடுப்பு தாழ்ந்தது. காத்திருந்தாள். எதற்கோ காத்திருந்தாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

யாரும் சிரிக்கவில்லை.

ஹதானோ துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "அவன்..." என்றார், துண்டோடேயே. "அவன்தான்யா! தெப்பெய்! உள்ள நிக்கறான்!" எழுந்து குதித்தார். "இன்னொரு தடவ போடு! அவன் நிக்கறான்யா!"

கயோ சுகேகாவாவைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "பன்னெண்டாவது தாள். அதுல இன்னும் ஒரு தாள் சேத்தா?"

"காத்திருக்கற இடத்துலயா?"

"ஆமா. ஒரு தாள். நீங்க கஞ்சத்தனம் பண்ணியிருக்கீங்க."

"நானா! உன் தாள் எண்ணிக்கைய மீறக் கூடாதுன்னு..."

"மீறியாச்சுல்ல? ஒழுங்கா மீறுங்க."

அவனே பக்கத்தில் உட்கார்ந்தான். பதினொன்றரைக்கு அந்த ஒரு தாளும் சேர்ந்தது.

உவோஸுமி அம்மாள் நண்பகலுக்குச் சரியாக வந்தாள். கையில் வசனத் தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று ஹதானோ எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். அறை வெந்நீர் அண்டா போலக் கொதித்தது. ஒன்பது நொடி ஓடியது.

அவள் விரலைச் சுழற்றிக் காட்டினாள்: மறுபடியும். ஓடியது. மறுபடியும். நான்காவது முறை ஓடும்போது அவள் தன்னையறியாமல் எழுந்து திரைக்கு அருகில் போனாள். மூன்றாவது மாடி முழுவதும், பதினோரு பேரும், திரையை விட்டுவிட்டு அவள் எப்படி எழுகிறாள் என்று பார்த்தார்கள்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

"மேடம் இடது கால்ல கொஞ்சம் வலி வெச்சிருக்காங்க" என்று ஓர் இடைத்தாள் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"அது கிடக்கட்டும். இந்தப் பொண்ணு ஏன் இப்படி நிக்கறா?" உவோஸுமி திரையைத் தொட்டாள். "இவ இல்ல இது. இது அந்தப் பையன். அவன் இன்னும் தன் உடம்பைத் தேடறான். அப்ப இவ..." திரும்பி, பெரிய உடம்பைக் காட்டினாள். "ஐயோ பாவம், இவ தேடக்கூட இல்ல. நேரா அவனையே பாத்துட்டு நிக்கறா." கையிலிருந்த வசனத் தாளை நான்காக மடித்தாள். "நாளைக்குப் பதிவுல இந்த இடத்துல யாரும் வாய் திறக்கக் கூடாது. மூச்சுகூட வேண்டாம்."

ஹதானோ போட்ட சத்தத்தில் கீழே சலவை இயந்திரம் நின்றுவிட்டதோ என்று தோன்றியது. இடைத்தாள் பெண்கள் கயோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். குஷன் இன்னும் ஒருத்தியின் இடுப்பில்தான் இருந்தது. கயோவுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தால் மறுபடி எழ முடியுமா என்ற சந்தேகத்தில் நின்றே இருந்தாள்.

அப்போது சுகேகாவா வந்து அவள் மேசையில் ஓர் உறையை வைத்தான். அடுத்த காட்சி; படகின் மேல்தளத்தில் இருவரும் நடக்கிறார்கள். கயோ பிரித்தாள். ஆறு முதன்மைப் படங்கள். ஓரத்தில் ஏணி எதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

"ஏய்! கோடு போடாம வெச்சிட்டுப் போற! சோம்பேறி!"

"நடக்கறதுல எது உடம்பு, எது ஆளுன்னு எனக்குத் தெரியலக்கா" என்றான் அவன், திரும்பாமலே. "திங்கக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கயோ ஒன்பது பென்சில்களையும் சீவக் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வெள்ளிக்கிழமை மதியம். ரயில் நிலைய வாசலில் எல்லோரும் நடந்துகொண்டிருப்பார்கள்.